பெயருக்கு முன்னால் ஒரு சொல்

‘அப்பா இல்லை’ என்று தமிழில் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கேட்டவர் உச்சுக் கொட்டுவார், அல்லது குனிந்து தன் கையிலிருக்கும் காபியைப் பார்ப்பார். பேச்சு வேறு பக்கம் போய்விடும். செத்துப்போனாரா, வெளியூரில் இருக்கிறாரா, விட்டுவிட்டுப் போனாரா என்று அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கிற துணிச்சல் எவருக்கும் வராது. சுப்ரஜா ஒன்பது வருஷமாக அந்தச் சொல்லுக்குள்தான் குடியிருந்தாள். வெயில் படாத, காற்று வராத, ஆனால் ஒழுகாத வீடு.

அதிலிருந்து அவளை முதன்முதலாக வெளியே இழுத்து நிறுத்தியது இங்கிலீஷ்.

மதுரையில் ஒரு ஓட்டலின் மூன்றாம் மாடி. வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதுகிற ஐ.இ.எல்.டி.எஸ். இங்கிலீஷ் பரீட்சையில் பேச்சுத் தேர்வு. எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அம்மாள், உன் குடும்பத்தைப் பற்றிச் சொல் என்றாள். அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள், அக்கா கல்யாணமாகி முக்கூடலில் இருக்கிறாள் என்பதையெல்லாம் சுப்ரஜா தடுமாறாமல் சொன்னாள். பிறகு, "மை ஃபாதர் இஸ் நாட் தேர்" என்றாள். தமிழில் சொல்வதைத்தான் சொன்னாள். அந்த அம்மாள் தலையை லேசாகச் சாய்த்து, "ஓ, வேர் இஸ் ஹி?" என்று கேட்டாள்.

எங்கே இருக்கிறார்?

ஒன்பது வருஷத்தில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. போலீஸ்காரர்கள்கூட, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றுதான் கேட்டார்கள். சுப்ரஜா வாயைத் திறந்தாள், மூடினாள். அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள் நுனிநாக்கில் கிடந்த ஒன்றிரண்டு சொற்களைத்தான் எடுத்துப் போட்டாள்.

கேட்பதில் ஏழு, வாசிப்பதில் ஆறரை, எழுதுவதில் ஆறு வந்தது. பேசுவதில் ஐந்து. ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்குப் பொதுச் சுகாதாரம் படிக்க இடம் கொடுத்திருந்தது; நான்கிலும் ஆறுக்குக் குறையக் கூடாது என்பது நிபந்தனை. ஆனி முடிவதற்குள் இன்னொரு தடவை எழுதிப் பார்க்கலாம். அம்பாசமுத்திரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான்கு வருஷமாக ஊசி குத்திக்கொண்டிருக்கிறவளுக்கு, அந்த ஊரைவிட்டு வெளியே போக இருந்த ஒரே கதவு அது.

*

அப்பா தில்லைநாயகம் விக்கிரமசிங்கபுரத்தில் மில் தொழிலாளி. குடி கிடையாது, சீட்டு கிடையாது, சத்தமாகப் பேசுகிற பழக்கம்கூடக் கிடையாது. ஒரு ஐப்பசி மாசம், ஆற்றில் செந்தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில், சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பவில்லை. மறுநாள் சைக்கிள் மட்டும் கிடைத்தது. பாபநாசம் போகிற ரோட்டில், ஒரு மருத மரத்தடியில், ஸ்டாண்டு போட்டுப் பூட்டி நின்றது. அந்த மரத்திலிருந்து இடப்பக்கம் இறங்கினால் படித்துறை. வலப்பக்கம் நாலு எட்டு வைத்தால் பஸ் நிறுத்தம்.

தீயணைப்புக்காரர்கள் மூன்று நாள் ஆற்றில் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. சைக்கிள் சாவியும் கிடைக்கவில்லை.

அம்மா அந்தச் சாவியைப் பிடித்துக்கொண்டாள். "சாவப்போற மனுசன் சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்து மடியில முடிஞ்சிக்கிட்டா போவாரு?" என்று ஸ்டேஷனில் கேட்டாள்.

ஏட்டு நல்ல மனுஷர்தான். "எம்மா, அந்தப் பூட்டுல பூட்டுனாத்தான் சாவி வெளிய வரும். கை தன்னால செய்யுத வேலை அது. நீங்க அதை வச்சு ஒண்ணும் நினைச்சிக்கிட முடியாது" என்றார்.

நினைத்துக்கொள்ள முடிந்தது. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, முன்சக்கரத்தில் உருட்டி, ஒன்றரை மைல் தூரம் அம்மாவும் அக்காவும் அந்தச் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சார்த்தினார்கள். எந்தச் சைக்கிள் கடையில் சொன்னாலும் அரை நிமிஷத்தில் பூட்டை அறுத்துத் தருவார்கள். அம்மா விடவில்லை. "சாவி அவரு கையில இருக்கு. வந்து தொறந்துக்கிடுவாரு" என்றாள். டயர் இரண்டும் வெடித்து மண்ணோடு ஒட்டிப்போயிற்று. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா ஈரத்துணியால் ஹேண்டில்பாரைத் துடைப்பாள். நெற்றியில் குங்குமம் ஒருநாள் தவறியதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அக்கா சித்ரலேகாவின் கல்யாணப் பத்திரிகை அடிக்க அம்பாசமுத்திரத்தில் அச்சகத்துக்குப் போயிருந்தார்கள். அச்சகக்காரர் எழுதிக்கொண்டே வந்தவர், அப்பா பெயரில் பேனாவை நிறுத்தி, தலையைத் தூக்காமல், "முன்னால லேட் போடணுமா?" என்று கேட்டார். அவர் மேல் குற்றம் இல்லை. எல்லாப் பத்திரிகையிலும் இருக்கிற வழக்கம்தான். அடைப்புக்குறிக்குள் ஒரு லேட்டைப் போட்டு, அதற்குப் பின்னால் இறந்தவர் பெயரைப் போடுவார்கள். அம்மா, "போடாண்டாம்" என்றாள். அவ்வளவுதான். மாதிரிக்குக் கொடுத்த பழைய பத்திரிகைகளைக் குவியலாக மேசையில் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டாள்.

கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுக்கப் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்கார்ந்தார்கள். பத்திரிகையில் உயிரோடு இருக்கிற பெண்ணோட அப்பா எங்கே என்று எவனோ பந்தியில் கேட்டுச் சிரித்தானாம். அம்மா பட்டுப் புடவையும் குங்குமமுமாக மணவடைக்குப் பின்னால் தூணோரம் நின்றாள்.

*

பாளையங்கோட்டையில் பயிற்சி வகுப்பு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பஸ் ஏறிக் கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வழியாக வந்து போவாள் சுப்ரஜா. ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாய்க்காலும் வயலும் கூடவே வரும். அவளுக்கு அவற்றைப் பார்க்கப் பிடிப்பதில்லை. தண்ணீர் ஓடுகிற இடமெல்லாம் கண் தானாக எதையோ தேடும். அதனால் காதில் இங்கிலீஷை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

வகுப்பில் அவளுக்கு ஜோடி ஃபர்ஹத். மேலப்பாளையத்துக்காரி. கனடா போக மூன்றாவது தடவையாக எழுதுகிறாள். இவள் ஒரு சொல் சொல்வதற்குள் அவள் ஒன்பது சொல்லிவிடுவாள். அதில் நாலு தப்பாக இருக்கும். அதைப் பற்றிக் கவலையே படமாட்டாள். வாத்தியார் ஞானசம்பந்தன் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டுக் கையில் கடிகாரத்தோடு சுற்றி வருவார்.

அன்றைக்கு வந்த அட்டை: நீ மதிக்கும் ஒருவரைப் பற்றிப் பேசு.

சுப்ரஜா அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அப்பா நடக்கிற நடை, ஷிப்டு முடிந்து வந்தால் தலைமுடியில் ஒட்டியிருக்கிற பஞ்சு. ஹி இஸ், ஹி வாஸ், ஹி ஹேஸ், ஹி ஹேட் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு காலத்துக்குத் தாவினாள். ஞானசம்பந்தன் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "எம்மா, ஒரு காலத்துல நில்லுங்க. இருக்காருன்னா இருக்காரு. இல்லைன்னா இல்லை. ரெண்டையும் கலந்தீங்கன்னா இலக்கணத்துக்கு மார்க்கே விழாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோடிக்குப் போனார்.

சுப்ரஜா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபர்ஹத் நாற்காலியை இழுத்து நெருங்கி உட்கார்ந்தாள்.

"ஏளா, என்ன சங்கதி? வாப்பா இருக்காங்களா, இல்லையா?"

சுப்ரஜா சொன்னாள். வீட்டுக்கு வெளியே ஒரு ஆளிடம் முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. மருத மரம், பூட்டு, சாவி. சொல்லி முடித்ததும் ஃபர்ஹத் அவள் கையிலிருந்த அட்டையை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"அல்லா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதே. மவுத்தாயிட்டாங்கன்னே சொல்லிரு."

"தெரியாமலா?"

"தெரியாமத்தான். அந்த வெள்ளைக்காரன் என்ன, மய்யித்துப் பார்க்க உங்க வீட்டுக்கா வரப்போறான்? மை ஃபாதர் டைடு நைன் இயர்ஸ் அகோ. முடிஞ்சுது. ஐயாம் ஸாரிம்பான். நீ தேங்க்யூன்னு சொல்லிட்டு மேக்கொண்டு போயிட்டே இருப்பே. எல்லா வாக்கியமும் இறந்த காலத்துல வந்துரும், தலைவலி கிடையாது."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா..."

"உங்கம்மாவா மார்க்குப் போடுதா?"

சுப்ரஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒத்திகை பார்த்தாள். மை ஃபாதர் என்பதைச் சொன்னாள். அடுத்த சொல் முனகலாகத்தான் வந்தது. "ஏட்டி, சத்தமாச் சொல்லு, எனக்கே கேக்கலை" என்றாள் ஃபர்ஹத். இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. ஏழாவது தடவை அது வெறும் சொல்லாகிவிட்டது. டீ, பஸ், ரசீது மாதிரி. அதுதான் சுப்ரஜாவுக்குப் பயமாக இருந்தது.

*

வீட்டில் பேசிப் பார்த்ததைச் செல்போனில் பதிவு செய்து, திரும்பப் போட்டுக் கேட்க வேண்டும் என்பது வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வகுப்பு முடிந்து வந்த களைப்பில், காதில் மாட்டுகிற ஒயர் அறுந்துபோயிருந்ததால் அப்படியே போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அடுக்களையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போனிலிருந்து சுப்ரஜாவின் குரல், சுப்ரஜாவுடையது போலவே இல்லாத ஒரு குரல், அப்பா இறந்து ஒன்பது வருஷமாகிறது என்று இங்கிலீஷில் சொன்னது. பிறகு அவர் நல்லவராக இருந்தார் என்றது.

உரிக்கிற சத்தம் நின்றது.

அம்மா எட்டாங்கிளாஸ் வரைக்கும் படித்தவள். ஆனால் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். பிள்ளைகள் வாயிலிருந்தும் சுவர் அட்டைகளிலிருந்தும் பதினைந்து வருஷமாக இங்கிலீஷ் அவள் காதிலும் கண்ணிலும் விழுந்துகொண்டிருந்தது. ஃபாதர் தெரியும். டைடு தெரியும்.

சுப்ரஜா போனை அணைத்தாள். தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. வெகு நேரம் கழித்து வெங்காயம் உரிக்கிற சத்தம் திரும்பவும் கேட்டது, முன்னைவிட மெதுவாக.

சாப்பாடு போடும்போதுதான் அம்மா பேசினாள்.

"பரீச்சைக்குத்தானே?"

"ஆமா."

"அப்படிச் சொன்னாத்தான் மார்க்கு வருமாட்டி?"

"அப்படிச் சொன்னாக் குழப்பம் இல்லாமப் பேச முடியும்மா. அவ்வளவுதான்."

அம்மா ரசத்தை ஊற்றினாள். சோற்றைத் தாண்டித் தட்டின் விளிம்பு வரை வந்தது. சுப்ரஜா கையை நீட்டித் தடுத்தாள்.

"அப்பம்னா சொல்லு" என்றாள் அம்மா. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரண்டியைக் கழுவினாள். கழுவிய கரண்டியையே திரும்பவும் கழுவினாள். "லேட்டுன்னு சொல்லப்பிடாதா?"

சுப்ரஜாவுக்கு முதலில் புரியவில்லை. "அதுக்கும் அதே அர்த்தம்தான்மா. பத்திரிகையில போடுதாங்கள்ளா."

"தெரியும்."

"நீதானே அன்னைக்குப் போட விடல?"

"பத்திரிகையில போட்டா அது ஒரே அர்த்தம்தான். நீ வாயால சொல்லுதேல்லா?" அம்மா இன்னும் திரும்பவில்லை. "பஸ்ஸு லேட்டுன்னா, பஸ்ஸு வரும்லா."

சுப்ரஜா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அச்சகத்தில் வெயிலில் போய் நின்றவள் இன்றைக்கு ஒரு அடி இறங்கி வந்திருக்கிறாள் என்பது புரிந்தது. மகளுக்காக அம்மாவால் கொடுக்க முடிந்தது அந்த ஒரு அடிதான். அதற்கு மேல் அவளிடம் இல்லை.

*

இரண்டாம் தேர்வும் அதே ஓட்டலில்தான் நடந்தது. இந்தத் தடவை நரைத்த தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர். குடும்பத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நீ இருக்கிற ஊர், சாப்பாடு, மழைக்காலம் என்று சுலபமாகப் போயிற்று. பிறகு அட்டையை நீட்டினார்.

‘உன் வீட்டில் நெடுநாளாக வைத்திருக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேசு.’

யோசிக்க ஒரு நிமிஷம். தாளில் குறித்துக்கொள்ளப் பென்சில். சுப்ரஜா ஒன்றும் குறிக்கவில்லை. வேறு பொருள் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

சைக்கிளைப் பற்றிப் பேசினாள். தானே ஆச்சரியப்படும்படி பேசினாள். மணியின் மேல் மூடி கழன்றுபோனதையும், பின்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகும்போது அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொள்வதையும், மேட்டில் ஏறும்போது அவர் முதுகு அசைவதையும் சொன்னாள். எல்லாம் இறந்த காலத்தில், ஒன்றுகூடப் பிசகாமல் வந்தது. தாடிக்காரர் தலையசைத்துக் கேட்டார். இரண்டு நிமிஷம் ஆனதும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இப்போது அதை யாராவது ஓட்டுகிறார்களா?"

"இல்லை. பூட்டியிருக்கிறது."

"ஏன் திறக்கவில்லை?"

"சாவி அப்பாவிடம் இருக்கிறது."

அவர் சிரித்தார். "அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?"

மை ஃபாதர் டைடு நைன் இயர்ஸ் அகோ. சொல் தயாராக இருந்தது. ஃபர்ஹத்தோடு உட்கார்ந்து ஐம்பது தடவை தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கிய சொல். நாக்கின் மேல் கிடந்தது. வெளியே தள்ளினால் போதும். அம்மாவுக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் அடுக்களையில் திரும்பி நின்ற அந்த முதுகு கண்ணுக்கு முன்னால் வந்தது.

"ஹி இஸ் லேட்" என்றாள்.

தாடிக்காரர் கதவுப் பக்கம் பார்த்தார். "ஓ. உங்களைக் கூட்டிப்போக வருகிறாரா?"

சுப்ரஜாவும் கதவைப் பார்த்தாள். ஒரு கணம்தான். ஆனால் அந்த ஒரு கணத்தில் அவள் உண்மையாகவே பார்த்தாள். ஒன்பது வருஷமாக அம்மா வாசலைப் பார்ப்பதுபோல. கண்ணைத் திருப்பியபோது பேச்சு எதுவும் மிச்சம் இல்லை. பழைய பொருள்களை ஜனங்கள் ஏன் வைத்திருக்கிறார்கள், நினைவுகளுக்கு அவை உதவுமா என்றெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போனார். எஸ் என்றாள். நோ என்றாள். தெரியாது என்றாள். தேர்வு முடிந்தது என்று சொல்லிப் பதிவுக் கருவியை அவர் அணைத்தார்.

*

இரண்டு வாரத்துக்குள் முடிவு வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், போனில். மற்ற மூன்றும் தேறியிருந்தன. பேசுவதில் ஐந்தரை. ஃபர்ஹத்துக்கு ஏழு வந்திருந்தது. அவள் அனுப்பிய பூப்படங்களுக்குச் சுப்ரஜா ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினாள். பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டால் தை மாசச் சேர்க்கைக்கு இடத்தைத் தள்ளிவைக்கலாம். அதற்கும் இன்னொரு தடவை எழுத வேண்டும்.

அம்மா சந்தையிலிருந்து வந்ததும் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். கூடையை இறக்கி வைத்தாள்.

"எவ்வளவு குறையுது?"

"அரை."

"அப்பாவைப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

பொய் சொல்லியிருக்கலாம். டைடு என்றுதான் சொன்னேன், என்றாலும் மார்க்கு வரவில்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் அந்த நேரம் அவளிடம் அதற்கும் தெம்பில்லை.

"லேட்டுன்னு சொன்னேன்."

"அதுக்கு அவுக என்ன சொன்னாக?"

"வந்துக்கிட்டு இருக்காரான்னு கேட்டாங்க."

அம்மா முகத்தில் ஏதோ ஒன்று வந்து போயிற்று. அது சந்தோஷம்தான் என்று சுப்ரஜாவுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகுதான், அந்தச் சந்தோஷத்தின் விலை என்னவென்று அம்மாவுக்கு உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். வெயில் முற்றத்திலிருந்து ஏறிப் பின்கட்டுச் சுவருக்குப் போனது.

பிறகு அம்மா எழுந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது கூடவே முக்குச் சைக்கிள் கடை நாறும்பூநாதன் வந்தார், கையில் ரம்பத்தோடு. சைக்கிளைப் பார்த்ததும், "அக்கா, இது இனிமே ஓடாது. இரும்புக்குத்தான் ஆகும்" என்றார்.

"ஓட்டுததுக்கு இல்ல. பூட்டை மட்டும் அறுத்துப் போடுங்க."

துரு பிடித்த பூட்டு. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு இழுப்பிலேயே கம்பி விட்டுவிட்டது. மடக்கிய விரல்போல வளைந்த அந்த இரும்பு துவைக்கிற கல்லின் மேல் விழுந்து, ஒரு சின்னச் சத்தம் போட்டது. அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று சுப்ரஜா நினைத்திருக்கவில்லை. நாறும்பூநாதன் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

அம்மா பின்சக்கரத்தைக் கையால் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை. பூட்டு போனாலும் துரு பிடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அம்மா குளித்துவிட்டு வந்து, கண்ணாடி முன் நின்று, எப்போதும்போலக் குங்குமம் வைத்துக்கொண்டாள். சுப்ரஜா அதைப் பார்த்தாள். அம்மா அடுக்களைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது.

"அடுத்த பரீச்சை எப்பம்?"

"ஐப்பசியில எழுதலாம்."

"அப்பம் சும்மா உக்காந்திருக்காதே. சொல்லிப் பாரு."

"எதைம்மா?"

அடுப்பில் ஏதோ கொதித்தது. சுப்ரஜா போனை எடுத்துப் பதிவுப் பொத்தானை அமுக்கினாள். கூடத்தில் நடுவில் நின்றுகொண்டு, மை ஃபாதர் என்று ஆரம்பித்தாள். ஃபர்ஹத்தோடு தேய்த்த அந்த அடுத்த சொல்லை உதடு அசையாமல், மூச்சோடு மூச்சாகச் சொன்னாள்.

"ஏட்டி" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு. இங்கன கேக்கலை."